சமயமும் ஆன்மிகமும்

ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒரே மொழியிலே வல்லவராய், ஒரே சிவபெருமானை வழிபட்ட பெரியார் இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற வரலாறு தமிழ்ச் சைவத்துக்கு உண்டு. ஒருவர், யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822 ஆம் ஆண்டு டிசெம்பரிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். மற்றவர், சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள மருதூரில் 1823 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பிறந்த இராமலிங்க அடிகள். இருவர்க்கும் வயதில் ஓராண்டு வேறுபாடுதானும் இல்லை. இருவரும் இல்லறத்தின் பயனை நாடாது பொதுப்பணிக்கே தம்மை ஈந்தவர்கள். ஆயினும், ஒருவர் சமயத்தின் காவலராகவும், மற்றவர் சமயத்தைக் கடந்த நெறியின் முதல்வராகவும் மக்கள் நெஞ்சில் நிலைபெற்றனர். சமயம் என்பது யாது, ஆன்மிகம் என்பது யாது, இரண்டும் எவ்விடத்திற் கூடுகின்றன, எவ்விடத்திற் பிரிகின்றன என்னும் வினாக்களுக்கு வரைவிலக்கணங்களைக் காட்டிலும் இவ்விருவர் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

முதலிற் சொற்களை நோக்குதல் தகும். ‘சமயம்’ என்னும் வடசொல்லுக்குக் காலம், உடன்பாடு, கொள்கை எனப் பல பொருள்கள் உள. பலர் கூடி உடன்பட்டு ஏற்றுக்கொண்ட கொள்கையும், அக்கொள்கைக்கு ஏற்ற ஒழுக்கமுமே சமயம். ஆகவே சமயம் பிறப்பிலேயே பலர்க்குப் பொதுவானது. அதற்கு நூல் உண்டு; கோயில் உண்டு; குரு மரபு உண்டு; செய்யத் தக்கன, செய்யத் தகாதன என்னும் விதிவிலக்கு உண்டு. ‘ஆன்மிகம்’ என்பதோ ஆன்மா என்பதன் அடியாகப் பிறந்து பிற்காலத்தில் வழக்கிற் பரந்த சொல். உயிர் தன்னையும் தன் தலைவனையும் உணரும் உணர்வே அதன் பொருள். அவ்வுணர்வை ஒருவர் மற்றொருவர்க்கு எடுத்துக் கொடுத்தல் இயலாது. பசித்தவன் தானே உண்டாலன்றிப் பசி தீராததுபோல, ஆன்மிகமும் அவரவர் தாமே பெறவேண்டிய அனுபவம்.

இவ்வேறுபாடு மேனாட்டார் வந்து கற்பித்த புதுமையன்று. சைவ நூல்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறியை நான்காக வகுத்தன. திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல் முதலிய புறத்தொண்டு சரியை. விதிப்படி பூசை செய்தல் கிரியை. மனத்தை ஒடுக்கி அகத்தே வழிபடுதல் யோகம். இறைவனோடு இரண்டறக் கலந்து நிற்றல் ஞானம். முன்னிரண்டும் ஊரார் காணச் செய்யப்படுவன. பின்னிரண்டும் ஒருவர் உள்ளத்துள்ளே நிகழ்வன. எனவே, இன்று சமயம் என்றும் ஆன்மிகம் என்றும் பிரித்துக் கூறப்படும் இரண்டையும் பழைய ஆசிரியர்கள் ஒரே ஏணியின் கீழ்ப்படியாகவும் மேற்படியாகவும் கண்டனர். ஆனால் ஏணியைப் பற்றி ஒரு வினா எழுவது இயல்பே. ஏறியவன் ஏணியைப் பேணவேண்டுமா, அன்றி விட்டுவிடலாமா? அவ்வினாவே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருவழக்காக வெடித்தது.

நாவலர் வளர்ந்த காலத்து யாழ்ப்பாணத்தை மனத்திற் கொண்டாலன்றி அவரை விளங்கிக்கொள்ளுதல் அரிது. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் பாதிரிமார் பாடசாலைகளின் வாயிலாகவே கிடைத்தன. நாவலரும் அத்தகைய பாடசாலையிலே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் உதவியவர். ஒரு சமயம் எவ்வாறு பரப்பப்படுகின்றது என்பதை அவர் அருகிலிருந்து கண்டார். அச்சிட்ட நூல், ஒழுங்கான பாடசாலை, வாரந்தோறும் பிரசங்கம் ஆகிய மூன்றுமே அதற்குக் கருவிகள் என்பதை உணர்ந்தார். அம்மூன்றும் சைவரிடம் இல்லை என்பதையும் உணர்ந்தார்.

1847 ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் தம் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் தமிழகஞ் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்தாரால் ‘நாவலர்’ என்னும் பட்டம் அளிக்கப்பெற்று, அச்சியந்திரத்துடன் மீண்டார். பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் எழுதினார். பெரியபுராணத்தை யாவரும் படிக்கத்தக்க வசனமாக்கினார். பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பித்தார். 1864 இற் சிதம்பரத்திலும் ஒரு பாடசாலை கண்டார். நூலும் பாடசாலையும் இல்லாத சமூகம் தன் நினைவை இழக்கும் என்பது அவர் கண்ட உண்மை. அவர்க்குச் சமயம் என்பது வெறுஞ் சடங்கன்று. முன்னோர் பெற்ற அனுபவத்தைப் பின்னோர்க்குக் கெடாமற் கொண்டுசெல்லும் கலம் அது. கலம் உடைந்தால் உள்ளிருப்பதும் சிந்தும் என்றே அவர் அஞ்சினார்.

இராமலிங்கர் சென்ற வழி வேறு. சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வளர்ந்த அவர், முறையாகப் பள்ளியிற் பயின்றவரல்லர். இளமையிலே கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்த் தியாகேசனையும் உருகிப் பாடினார். அக்காலத்துப் பாடல்களைக் காண்போர் நால்வர் நெறியில் ஆழ்ந்த சைவர் ஒருவரையே காண்பர். 1858 அளவிற் சென்னையை நீங்கித் தென்னார்க்காட்டுக் கருங்குழியில் வந்து தங்கினார். 1865 இற் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கத்தின் பெயரில் அப்பொழுது ‘வேதம்’ இருந்தது. 1872 இல் அதனைச் ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ என மாற்றி அமைத்தபொழுது வேதம் என்னுஞ் சொல் நீங்கியது. ஏழாண்டுகளில் நிகழ்ந்த இந்தப் பெயர்மாற்றமே அவர் உள்ளம் சென்ற வழியைக் காட்டப் போதியது.

அவ்வழியின் இரண்டு அடையாளங்கள் வடலூரில் உள. ஒன்று, 1867 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் தொடங்கப்பெற்ற சத்திய தருமச்சாலை. சாதி, சமயம், ஊர், மொழி எதனையும் கேளாது பசித்து வந்தவர்க்கெல்லாம் அங்கே உணவளிக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது பேணப்படுகின்றது. மற்றது, 1872 ஆம் ஆண்டு தைப்பூச நாளில் முதல் வழிபாடு நிகழ்ந்த சத்திய ஞானசபை. எண்கோணமாக அமைந்த அச்சபையில் விக்கிரகம் இல்லை. ஏழு திரைகளும் அவற்றின் பின்னே ஒளியும் உண்டு. திரைகள் ஆன்மாவை மறைக்கும் மாயைகளைக் குறிப்பன. அவை விலக ஒளி தோன்றும். உயிர்களிடத்துக் கொள்ளும் இரக்கமே இறையருளை அடையும் வழி என்பது அடிகளின் துணிபு. 1873 ஒக்டோபரில் மேட்டுக்குப்பத்திற் கொடி ஏற்றி ஆற்றிய பேருபதேசத்தில், சைவத்தின்மேல் தமக்கு முன்பு இருந்த பெரும்பற்று இப்பொழுது நீங்கியதென்பதை அவர் வெளிப்படவே கூறினார். பழித்துக் கூறினாரல்லர், கடந்து வந்த படியாகவே கூறினார்.

இவ்விருவர்க்குமிடையே மூண்ட பிணக்கு ஒரு நூலின் பெயரை ஒட்டி எழுந்தது. அடிகளின் பாடல்களை அவர் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் திருமுறைகளாக வகுத்துத் ‘திருவருட்பா’ என்னும் பெயரால் 1867 இல் வெளியிட்டார். அடிகளோ பாடல்களை அச்சிட நெடுங்காலம் இசையாதவர். தம் பெயரோடு ‘சாமி’ என்னுஞ் சொல் சேர்க்கப்படுவதையே விரும்பாது அன்பருக்குக் கடிதம் எழுதியவர். ஆயினும் நூல் வெளிவந்தது, பாடல்கள் பரவின, சில கோயில்களில் திருவிழாக் காலத்தில் அவை ஓதவும் பட்டன.

நாவலர் இதனைப் பொறுத்தாரல்லர். கோயில்களிலே பூசை முடிவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்தினின்றும் பாடுதல் மரபு. அருட்பா என்னும் பெயர் அவ்வருளாசிரியர் பாடல்களுக்கே உரியது. உயிரோடிருக்கும் ஒருவர் பாடலுக்கு அப்பெயரை வழங்குவதும், பழைய திருமுறைகளின் இடத்தில் அதனை ஓதுவதும் தகா என்பது அவர் வாதம். 1869 இல் ‘போலியருட்பா மறுப்பு’ என்னும் கண்டனம் அச்சில் வந்தது. மறுப்புக்கு மறுப்பும் வந்தது. அவ்வாண்டிலேயே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை பிணக்கு முற்றியது. வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை. இருவரும் மறைந்த பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கம் நின்று அதனை மீண்டும் எழுப்பினார். அருட்பாவின் பக்கம் நின்று மேடைதோறும் வாதாடியவர்களுள் ஒருவர் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குதம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர். கதிரைவேற்பிள்ளையின் மாணாக்கராய் அன்று ஆசிரியர் பக்கம் நின்ற திரு. வி. கலியாணசுந்தரனாரும் பிற்காலத்தில் இராமலிங்கரைப் போற்றி நூல் எழுதினார். சமய வேலிக்குள் நின்று தொடங்கிய வழக்கு, வேலிக்கு அப்பாலும் உள்ளங்கள் உண்டென்பதைக் காட்டி ஓய்ந்தது.

இவ்வழக்கில் எழுந்த வசைமொழிகளை நீக்கிப் பார்ப்பின், உள்ளே நிற்பது ஒரே வினா. இறைவன் அருள் ஒரு காலத்தோடு முடிந்துவிட்டதா, இன்றும் ஒருவர் உள்ளத்தில் அது சுரத்தல் கூடுமா? அருள் முடிந்துவிட்டது என்று நாவலர் கூறவில்லை. ஆனால் எது அருள், எது ஆரவாரம் என்று அறிய அளவுகோல் வேண்டும் என்றார். அவ்வளவுகோல் முன்னோர் நூலும் மரபுமே என்றார். அளவுகோல் இல்லாவிடின் நாளைக்கு யாரும் தம் பாட்டை வேதம் என்பர். பேதை மக்கள் ஏமாறுவர். இஃது அறிவுடைய அச்சமே. இராமலிங்கர் தரப்போ, அளவுகோலைக் கையில் வைத்திருப்பதனால் மட்டும் அளக்கப்படும் பொருள் கைவந்துவிடாது என்றது. முன்னோர் பெற்றார்கள் என்பதற்குச் சான்று நூல். பெறலாம் என்பதற்குச் சான்று இன்று பெறுவோன் ஒருவனே. இதுவும் மறுத்தற்கரிய உண்மை. சமயம் பெற்றதைக் காக்கின்றது. ஆன்மிகம் மீண்டும் பெறத் துணிகின்றது. இரண்டிற்குமுள்ள வேறுபாட்டின் சாரம் இதுவே.

இரண்டும் தனித்து நிற்கும்பொழுது நேரும் கேட்டையும் வரலாறு காட்டாமற் போகவில்லை. சமய வேறுபாடு வேண்டா என்றவர் எழுப்பிய ஞானசபையிலேயே, அவர் மறைந்த பின்னர், சிவலிங்க வழிபாடும் பழைய சடங்குகளும் புகுந்தன. அவை அடிகள் வகுத்த முறைக்கு மாறானவை என்று 2006 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அறநிலையத் துறை தீர்மானிக்க நேர்ந்தது. அடிகள் வகுத்த முறையையும் விதியாக்கி, அதிகாரியைக் கொண்டு காக்க வேண்டியதாயிற்று. ஒருவர் பெற்ற அனுபவம் பலர்க்கு உரியதாகும்பொழுது விதியும் காவலும் அதனைச் சூழ்ந்துகொள்ளும். ஆகவே, சமயம் வேண்டா, ஆன்மிகம் ஒன்றே போதும் என்போர், ஆன்மிகத்தையும் யாரேனும் காத்துத் தரவேண்டும் என்பதை மறக்கின்றனர்.

மறுபக்கத்தின் கேடும் சிறிதன்று. சாதியாசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் ஒரு கூறாகவே நாவலர் கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லி வளர்ந்த யாழ்ப்பாணச் சைவமும் அதனை நெடுங்காலம் விடவில்லை. கோயிற் கதவுகள் ஒரு பகுதி மக்களுக்கு அடைக்கப்பட்டே கிடந்தன. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் வழிபட வந்தோர் தடுக்கப்பட்டுப் போராட நேர்ந்தது. கோயில் இருந்தது, ஆகமம் இருந்தது, பூசை தவறாது நடந்தது. வாயிலில் நின்றவனும் ஓர் ஆன்மா என்னும் உணர்வு ஒன்றுதான் இல்லை. ஆன்மிகம் நீங்கிய சமயம் எதுவாகும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, இருவர் வரலாற்றிலும் ஒருங்கே நோக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. 1874 ஜனவரி 30 ஆம் நாள் இராமலிங்க அடிகள் மேட்டுக்குப்பத்திற் சித்திவளாகத்து அறையினுட் புகுந்து கதவடைத்துக்கொண்டார். பின்பு அவரை யாருங் கண்டிலர். அதன்பின் இரண்டாண்டு சென்று, மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று இன்றும் வழங்கும் கொடும்பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தாக்கியது. மழையின்மையும் பட்டினியும் கடல் கடந்து யாழ்ப்பாணத்தையும் வருத்தின. வாந்திபேதியும் உடன் வந்தது. அப்பொழுது நாவலர் தம் எழுத்தையும் பதிப்பையும் ஒருபுறம் வைத்து, 1877 இல் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி வைத்தார். வீடுவீடாகச் சென்று பொருளும் அரிசியும் வேண்டினார். ஏழைகளின் துயரைப் பாராதிருந்த அதிகாரிகளை அஞ்சாது கண்டித்து எழுதினார். கடலுக்கு அப்பால் வடலூரில் இராமலிங்கர் மூட்டிய அடுப்பு எரிந்தது. கடலுக்கு இப்பால் வண்ணார்பண்ணையில் நாவலர் மூட்டிய அடுப்பு எரிந்தது. பெயரைப் பற்றிப் பொருத இருவரும் பசியைப் பற்றி வேறுபட்டாரல்லர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. நாவலர் கஞ்சித்தொட்டிக்கு ஆதாரம் தேடிச் சமயத்துக்குப் புறம்பே செல்லவில்லை. அடியார்க்கு அமுதளித்த நாயன்மார் வரலாற்றையே அவர் வாழ்நாளெல்லாம் வசனமாக்கியும் பிரசங்கித்தும் வந்தவர். படித்தது அன்று பயிராயிற்று. இராமலிங்கரும் இரக்கத்தைச் சமயங் கடந்தபின் புதிதாகக் கற்றவரல்லர். இளமையில் அவர் உருகிக் கற்ற அதே நாயன்மார் நெறியில் ஊன்றிய விதையே தருமச்சாலையாக விளைந்தது. சமயம் ஆன்மிகத்துக்கு நாற்றங்காலாகும். ஆன்மிகம் சமயத்துக்கு விளைவாகும். விளையாத நாற்றங்காலாற் பயனில்லை. நாற்றங்கால் இல்லாத விளைவும் இல்லை.

நாவலர் பிறந்த நல்லூரிலேயே, கந்தசுவாமி கோயிலின் தேரடி, இவ்வுண்மைக்குச் சாட்சியாக நிற்கின்றது. அக்கோயிலின் நடைமுறை ஆகமவிதிக்கு ஒவ்வாதென்று நாவலர் கண்டித்தெழுதியது 1875 இல். அதன் பின்னர், அதே கோயிலின் தேரடியில், ஊராராற் பித்தர் எனப்பட்ட செல்லப்பா சுவாமி கந்தையுடுத்து இருந்தார். கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் பண்டசாலைக் காப்பாளராய்ப் பணிபுரிந்த ஒருவர் அவரை அங்கே கண்டு, உத்தியோகத்தைத் துறந்து, பின்னர்க் கொழும்புத்துறைக் குடிலிலிருந்து பலர்க்கும் வழிகாட்டிய யோகர் சுவாமியாக விளங்கினார். 1872 இல் மாவிட்டபுரத்திற் பிறந்து 1964 இல் மறைந்த அவரிடம் சைவர் மட்டுமன்றிப் பௌத்தரும் கிறிஸ்தவரும் இசுலாமியரும் வந்து சென்றனர். செல்லப்பா சுவாமி கோயிலுக்குள் அதிகாரம் எதனையும் நாடியவருமல்லர். கோயிலை விட்டு அகன்றவருமல்லர். வாயிலிலே இருந்தார். உள்ளே மணி ஒலித்தது. வெளியே ஒருவர் தம்முள் ஒடுங்கி இருந்தார். இரண்டிற்கும் இடையே ஒரு வீதியின் அகலமே இருந்தது.

ஒருவன் எந்தச் சமயத்தான் என்பதை அவன் செல்லும் கோயிலும் அணியும் அடையாளமும் கூறிவிடும். அவன் ஆன்மிகம் உடையவனா என்பதை அவை கூறமாட்டா. அதனைக் கூறத்தக்கது, பசித்தவன் ஒருவன் அவன் வாயிலில் வந்து நிற்கும் வேளையே. நாவலர் 1879 டிசெம்பர் 5 ஆம் நாள் மறைந்தார். அவரும் வள்ளலாரும் அச்சில் ஏற்றிய வாதங்களைப் படிப்போர் இன்று சிலரே. அவர்கள் வார்த்த கஞ்சியின் கதையை அறியாத தமிழர் சிலரே.